வீரர்க்கு வாய்த்த தெய்வங்கள்

ஆஷாட மாதம் பிறந்துவிட்டால் ஐதராபாத்து நகரத்தின் நிறமே மாறிவிடும். மஞ்சளும் வேப்பிலையும் காணாத தெரு ஒன்றும் இராது. கோல்கொண்டாக் கோட்டையில் தொடங்கும் போனாலுத் திருவிழா, சிகந்தராபாத்தின் உஜ்ஜயினி மகாங்காளி கோயிலை வந்தடையும் ஞாயிற்றுக்கிழமையன்று, நாங்கள் வாழும் பாலாநகரிலிருந்து போவன்பள்ளி வழியாகச் செல்லும் பேருந்துகளில் நிற்பதற்கும் இடம் கிடைப்பதில்லை. தலையிலே சோற்றுப் பானையும் அதன்மேல் ஏற்றிய விளக்குமாகப் பெண்கள் வரிசை வரிசையாகச் செல்வர். அவர்களுக்கு முன்னே உடலெங்கும் மஞ்சள் பூசி, காலில் சதங்கை கட்டி, கையில் சாட்டை சுழற்றிப் போத்தராஜு ஆடிச் செல்வான். அவன் அம்மனுக்குத் தம்பி, காவற்காரன்.

அக்கோயிலை எழுப்பியவர் அரசரும் அல்லர், வணிகரும் அல்லர். சுரிட்டி அப்பய்யா என்னும் பெயருடைய ஒரு டோலி சுமப்பவர். படையில் நோயுற்றோரையும் காயம்பட்டோரையும் தோளில் தூக்கிச் செல்லும் எளிய பணி அவருடையது. 1813-ஆம் ஆண்டு அவர் சேர்ந்திருந்த படைப்பிரிவு உஜ்ஜயினிக்கு அனுப்பப்பட்டிருந்த வேளையில், இங்கே அவர் ஊரில் கொள்ளைநோய் பரவி மக்கள் மடிந்தனர். செய்தி கேட்ட அவரும் அவருடைய தோழர்களும் உஜ்ஜயினி மகாங்காளியின் முன் சென்று, ஊர் பிழைத்தால் அன்னைக்கு அங்கே இடம் அமைப்போம் என்று நேர்ந்துகொண்டனர். நோய் தணிந்தது. ஊர் திரும்பியவர்கள் 1815-இல் மரத்தாலான ஒரு திருவுருவத்தை நிறுவினர். கோயில் வரலாறு கூறுவது இதுவே.

ஒரு படைப் பணியாளர் தம் ஊருக்கென ஒரு காவல் தெய்வத்தைக் கொண்டுவந்து வைத்தார் என்னும் இச்செய்தியை நான் நெடுங்காலமாக அறிவேன். ஆனால் தெய்வத்தைத் 'தேர்ந்து அமைப்பது' எவ்வாறு, அதற்கு விதிமுறை உண்டா, யார்க்கு அவ்வுரிமை என்னும் வினாக்களை என் முன் கொண்டுவந்து வைத்தது என் பேத்தியின் விளையாட்டேயாகும்.

அவ்விளையாட்டைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். சதுரங்கம்போல் வெற்றி தோல்வி உடனே தெரிவதன்று அது. நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் கதை நடத்துகிறார். மற்றையோர் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாம் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்கின்றனர். செய்த செயல் பலித்ததா என்பதைப் பகடை உரைக்கும். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 1974-இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது இவ்வகைக்கு மூலம். நான் திருச்சியிலிருந்து பாலாநகருக்குப் பிழைப்புத் தேடி வந்த ஆண்டும் அதுவே. வான்கலக் கருவிகளும் மருந்துகளும் வார்ப்புகளும் இங்கே இராப்பகலாக உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. கருவி வடிவமைப்புக்கென்றே நடுவணரசு 1968-இல் இங்கு ஒரு பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது. டூல்ரூமில் கைபழகிய ஓர் இளைஞனுக்கு வேலை கிடைப்பது அரிதாக இல்லை. அந்த மருந்துத் தொழிற்சாலை ஓசையடங்கி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. தலைக்கு மேலே மெட்ரோவும் மேம்பாலமும் ஓடுகின்றன. எனினும் ஆயுத பூசையன்று பாலாநகரின் சந்துகளுள் நடந்து பாருங்கள். கடைசல் இயந்திரத்துக்கும் சந்தனம் உண்டு. துளையிடும் இயந்திரத்துக்கும் மாலை உண்டு.

பேத்தியின் விளையாட்டில் என் கண்ணை முதலில் கவர்ந்தது இருபது முகமுடைய பகடையே. எதிரெதிர் முகங்களின் எண்களைக் கூட்டினால் இருபத்தொன்று வரும். தொழிற்பழக்கம் விடவில்லை; வெர்னியரை எடுத்து எதிர்முகங்களின் இடைவெளியை அளந்து பார்த்தேன். மூன்று இணைகளில் வேறுபாடு இருந்தது. "இது நேர்மையான பகடை அன்று" என்றேன். "தாத்தா, அதைச் சொல்லிவிடாதீர்கள், அதுதான் எனக்கு நல்ல எண் போடுகிறது" என்றாள் அவள். அறப்போர் வீராங்கனையாக ஆடுபவள் சொல்லும் சொல்லா இது என்று நாங்கள் இருவரும் சிரித்தோம்.

ஆம், அவள் ஏற்ற பாத்திரம் அறப்போர் வீராங்கனை. 'பாலடின்' என்பது அதன் பெயர். ஐரோப்பியப் பேரரசர் சார்லமேனின் அவைக்களத்து வீரர் பன்னிருவரைக் குறித்த சொல் அது. அரண்மனை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது. 1975-இல் வெளிவந்த துணைநூலொன்றில் இப்பாத்திரம் விளையாட்டுக்குள் புகுந்தது. அதன் விதியைக் கேட்டபோது எனக்கு மதிப்பு உண்டாயிற்று. பாலடின் நெறி பிறழ்ந்த செயல் ஒன்றைச் செய்துவிட்டால் அவனுடைய சிறப்பாற்றல் அனைத்தும் அக்கணமே நீங்கிவிடும், மீண்டும் வாரா. 1978-இன் விரிந்த நூலோ, அவன் தன்னுடன் வைத்துக்கொள்ளத்தக்க மாயப் பொருள்கள் பத்துக்கு மேற்படலாகாது, வருவாயில் பத்தில் ஒன்றைக் கொடுத்துவிடவேண்டும் என்றெல்லாம் கட்டுப்படுத்தியது. பின்வந்த பதிப்புகள் இவற்றைப் பெரிதும் தளர்த்திவிட்டன என்று பேத்தி கூறுகிறாள். அது நல்லதற்கா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

இத்தகைய வீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பாதுகாவலர் வேண்டும். நம் நாட்டுக் கத்தோலிக்கர் தம் ஊருக்கும் தொழிலுக்கும் உரிய புனிதரைப் பாதுகாவலர் என்றே வழங்குவர். அச்சொல் இங்கே நன்கு பொருந்துகிறது. விளையாட்டுக்காரர்கள் நூலில் உள்ள தெய்வங்களையும் எடுத்துக்கொள்ளலாம். தாமே புதிதாகப் படைத்துக்கொள்ளவும் செய்யலாம். 1980-இல் அந்நிறுவனம் வெளியிட்ட தெய்வத் தொகுப்பில் நம் இந்தியத் தெய்வங்களுக்கும் ஓர் இயல் ஒதுக்கி, ஒவ்வொருவருக்கும் இவ்வளவு வலிமை இவ்வளவு கவசம் என்று எண் இட்டிருந்தனர். கைகாக்ஸ் அமைத்த உலகத்திலோ புனித கத்பர்ட் என்றொரு தெய்வம் உண்டு. கையில் கதாயுதம் ஏந்தியவர். உண்மையான கத்பர்ட் இங்கிலாந்தின் வடகடல் தீவில் தனித்துறைந்து 687-இல் மறைந்த துறவி. கடல்வாத்துகளைக் கொல்லலாகாது என்று காத்தவர் என்பது மரபு. வாத்துகளைக் காத்தவர் கையில் தடியைக் கொடுத்தது விளையாட்டுதான் என்றாலும், வரலாற்றிலும் புனிதர்களுக்கு இவ்வாறு நேர்ந்ததுண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

பேத்தி தன் பாதுகாவலரைப் பற்றி ஒரு தாளில் எழுதி வந்து காட்டினாள். ஆயுதம், கொடியின் நிறம், திருநாள், அருளும் ஆற்றல்கள் என்று பத்திகள் பிரித்திருந்தாள். வாளில் தீ எரியும், பகைவர் கண் குருடாகும், குதிரை பறக்கும். "தமிழில் ஒரு நல்ல பெயர் மட்டும் வைத்துக் கொடுங்கள், தாத்தா" என்றாள். அவள் தமிழ் பேசுவாள். ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். பாலாநகரில் பிறந்த மூன்றாம் தலைமுறையிடம் அதற்குமேல் எதிர்பார்த்தல் அரிது. பெயர் கேட்டு வந்ததே எனக்குப் பெருமகிழ்ச்சி. இருப்பினும் பெயர் வைக்க மனம் வரவில்லை. "இவர் உனக்கு என்னென்ன தருவார் என்று எழுதியிருக்கிறாய். உன்னை என்ன செய்யவேண்டாம் என்பார்? அந்தப் பத்தி எங்கே?" என்று கேட்டேன். அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். மறுபக்கம் வெறுமையாக இருந்தது.

அதன்பின் பல மாலைகள் இதே பேச்சாக நிகழ்ந்தது. முதலில் நான் நடுகல்லைப் பற்றிக் கூறினேன். தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சித்திணையில் கல் நிறுத்தும் முறை ஆறு துறைகளாக அமைந்திருப்பதைப் புலவர் பெருமக்கள் அறிவர். தக்க கல்லைத் தேடிக் காணுதல் காட்சி; அதனைக் கொண்டுவரத் தொடங்குதல் கால்கோள்; நீராட்டுதல் நீர்ப்படை; பின்னர் நடுதல்; படையலிட்டுச் சிறப்புச் செய்தல் பெரும்படை; இறுதியில் வாழ்த்து. பேத்தி வியந்தாள். "இது விளையாட்டு விதிப்புத்தகம்போலவே இருக்கிறதே!" என்றாள். உண்மையும் அதுவே. மாண்ட மனிதன் ஒருவன் எவ்வெப் படிகளின் வழியாக ஊருக்குக் காவலன் ஆகிறான் என்பதை வரிசைப்படுத்திய விதிகள் அவை. இவற்றுள் எந்தப் படியும் வீரன் தானே செய்துகொள்ளக் கூடியதன்று. ஆறும் பிழைத்திருப்போர் செய்ய வேண்டியவை.

தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட மூன்று கற்களில் தமிழ் பிராமி எழுத்துகள் உள்ளன. கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் பட்ட ஒருவனின் பெயரை அவற்றுள் ஒன்று தாங்கி நிற்கிறது. பெயர், ஊர், எதற்காகப் பட்டான் என்பது, அவ்வளவே. அவன் பறந்தான், தீ உமிழ்ந்தான் என்று கல் கூறவில்லை.

பேத்தியின் உள்ளத்தை அள்ளிய கல் வேறொன்று. திருவண்ணாமலைப் பக்கத்தில் எடுத்தனூர் என்னும் ஊரில் உள்ளது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. எருமைகளைக் காக்கும் பொருட்டு உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுடைய கல். வில்லும் கையுமாக நிற்கும் அவன் பின்னே ஒரு நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்நாயின் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. பல்லவப் பேரரசன் பெயர் பொறித்த கல்லில் நாய்க்கும் பெயரிட்டு இடம் கொடுத்திருக்கிறார்கள். 1972-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூல் இப்பகுதிக் கற்களை அறிஞர் உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அந்நூலைப் புரட்டும்போதெல்லாம், அரசர் மெய்க்கீர்த்திகளைவிட இக்கற்களே நம் மக்களின் நெஞ்சுக்கு அணுக்கமானவை என்று எனக்குத் தோன்றும்.

இனிப் பாதுகாவலரைத் தேடுவோம் என்று பெரியபுராணத்துக்குள் நுழைந்தோம். படைத்தொழில் செய்த அடியார் அதில் பலர். வாதாபியை அழித்த பல்லவப் படைத்தலைவர் பரஞ்சோதியாரே சிறுத்தொண்டர் ஆனார். பேத்தி முதலில் விரும்பியது கோட்புலியாரை. அவர் சோழர் படைத்தலைவர். இறைவன் திருவமுதுக்கென்று தாம் சேர்த்து வைத்த நெல்லை, தாம் போர்மேற் சென்றிருந்தபோது பஞ்சத்தால் வாடிய சுற்றத்தார் எடுத்து உண்டுவிட்டனர் என்று அறிந்து, அவர்கள் அனைவரையும் வாளுக்கு இரையாக்கினார். பால்மணம் மாறாத குழந்தையையும் விடவில்லை. "இவர்தான் பாலடின்!" என்றாள் அவள். கண்களில் ஒளி தெரிந்தது. சேக்கிழாரின் நோக்கமும் பக்தி நெறியின் நுட்பமும் அறிந்த பெரியோர் அவ்வரலாற்றுக்கு உரிய விளக்கம் தருவர். அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் கையில் இருபது முகப் பகடையை வைத்துக்கொண்டிருக்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அவரைப் பாதுகாவலராகக் கொடுக்க நான் உடன்படவில்லை. பசித்துத் தின்றவர்களைக் கொன்ற வரலாற்றைப் பின்பற்றத்தக்க நெறியாகக் கொண்டால், அவள் மேசையில் எவரும் தப்ப முடியாது.

நான் சொன்னது ஏனாதிநாதரை. எயினனூரில் வாட்பயிற்சி அளித்து வாழ்ந்தவர் அவர். அவருடைய புகழ் பொறாத அதிசூரன் என்பவன் படைதிரட்டி வந்து பொருது தோற்றான். பின்பு, இருபக்கத்தாரும் வீணே மாள வேண்டா, நாமிருவர் மட்டும் தனியே பொருவோம் என்று சொல்லி அனுப்பினான். விடியலில் வந்தவன், என்றும் நீறு பூசாத நெற்றியில் அன்று நீறு பூசி, அதனைக் கேடயத்தால் மறைத்துக்கொண்டான். வாள் அவன்மேல் விழும் நேரத்தில் கேடயத்தை விலக்கினான். ஏனாதிநாதர் நீற்றைக் கண்டார். இவர் சிவனடியார் ஆகிவிட்டார், இவர்மேல் வாள் வீசுதல் தகாது என்று நின்றார்.

இதுவரை வஞ்சகத்தில் வீழ்ந்த ஒரு நல்லவரின் கதையே. அடுத்த நினைவுதான் இவ்வரலாற்றை ஒப்பற்றதாக்குகிறது. வாளையும் கேடயத்தையும் எறிந்துவிடலாம் என்று எண்ணினார். உடனே, படைக்கலம் இல்லாதவரைக் கொன்றார் என்னும் பழி இவருக்கு வந்துவிடுமே என்று அஞ்சினார். ஆகவே எறியாமல், போர் செய்பவர்போல் அவற்றைப் பிடித்தவாறே எதிர்நின்றார். அதிசூரன் தன் எண்ணத்தை முடித்துக்கொண்டான். தம்மைக் கொல்ல வருபவனுடைய பெயருக்கு மாசு வாராமல் காத்துக்கொண்டு மாண்ட வீரர், எனக்குத் தெரிந்தவரை, வேறெந்த நாட்டுக் கதையிலும் இலர்.

பேத்தி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தா, ஆனால் அவர் தோற்றுவிட்டாரே. தோற்றவரைக் கும்பிட்டு நான் எப்படிச் சண்டை போடுவது?" என்றாள். நல்ல வினா. இவ்வினாவை நம் சிற்றூர்களில் கேட்டால் நகைப்பார்கள். நம் மக்கள் கும்பிடும் வீரருள் வென்று வாழ்ந்து கிழவராகி மாண்டவர் எத்தனை பேர்? மதுரைவீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். காத்தவராயன் கழுவேறியவன். முத்துப்பட்டன் அந்தணர் குலத்தில் பிறந்து, தோல்தொழில் செய்யும் குலத்துப் பெண்கள் இருவரை மணந்து, மாமனாரின் மாடுகளை மீட்கப்போய் மாண்டவன். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றங்கரையில் சொரிமுத்து ஐயனார் கோயிலில் அவன் பட்டவராயனாக நிற்கிறான். அடியவர்கள் இன்றும் அவனுக்குத் தோற்செருப்பைக் காணிக்கையாகச் சார்த்துகின்றனர். எந்தத் தொழிலின் பெயரால் அவனை ஊர் இழித்ததோ அத்தொழிலின் பொருளே காணிக்கையாயிற்று. மேனாட்டிலும் இதுவே வழக்கு. படைவீரர் ஜார்ஜ், சமயத்தைக் கைவிட மறுத்து வெட்டுண்டவர் என்பதே பழமரபு. பறவைநாகத்தைக் கொன்ற கதை பல நூற்றாண்டு கழித்து வந்து ஒட்டிக்கொண்டது. ஜோன் 1431-இல் எரிக்கப்பட்டாள், 1920-இல் புனிதையானாள்.

முன்னே சொல்கிறேன் என்றதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஏசுநாதரின் அடியாருள் ஒருவரான யாக்கோபு மீனவர், வாள்முனையில் இறந்தவர். ஸ்பெயின் நாட்டில் அவரை வெள்ளைக் குதிரைமேல் ஏற்றினார்கள். 844-இல் கிளாவிகோ என்னுமிடத்தில் அவர் வானிலிருந்து தோன்றி முஸ்லிம் படையை வெட்டி வீழ்த்தினார் என்றார்கள். அப்படி ஒரு போரே நடக்கவில்லை என்பது வரலாற்றாசிரியர் முடிபு. ஆயினும் குதிரைக் குளம்படியில் தலைகள் உருளும் அவ்வுருவம் கோயில்தோறும் ஏறியது. கடல் கடந்து அமெரிக்கா சென்றபோது குளம்படியில் அந்நாட்டுப் பழங்குடியினர் கிடந்தனர். மீன்பிடித்தவரை வெட்டுபவராக்கிய மக்கள், தமக்கு வேண்டிய ஏவலையே அவர் வாயில் வைத்தார்கள்.

நம் பக்கமும் பரணி பாடிய நாடுதான். பேய்கள் போர்க்களத்தில் கூழ் அட்டுக் குடித்ததை நாமும் சுவைத்துப் படிக்கிறோம். ஆகவே பெருமை பேச நான் வரவில்லை. ஆனால் வடதமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களுக்குச் சென்றவர்கள் ஒன்றைக் கண்டிருப்பார்கள். அங்கே அம்மனுக்குக் காவலர் இருவர். ஒருவன் போத்தராசன், இங்கே பாலாநகர்த் தெருவில் சாட்டை சுழற்றுபவனின் உறவினன் என்று பெயரே சொல்லும். மற்றவன் முத்தால் ராவுத்தன், முஸ்லிம் வீரன். பாண்டவர் தேவியின் வாயிலை ஒரு ராவுத்தன் காத்து நிற்கிறான். அவனுக்கும் படையல் உண்டு. இதைக் கேட்டதும் பேத்தி, அவள் குழுவில் கதை நடத்தும் பையனிடம் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டாள். அவன் ஃபதேநகரைச் சேர்ந்தவன்; ஒவ்வொரு வெள்ளியும் தொழுகை முடித்துத்தான் விளையாட்டுக்கு வருவான். ஒருத்தி கூகட்பள்ளித் தெலுங்குப் பெண், இன்னொருவன் மலையாளி. எந்தப் புனிதரின் பெயரால் எவரை வெட்டுவது என்பது அந்த மேசையைச் சுற்றி வெறுங் கற்பனையாக நின்றுவிடாது என்பதை அவர்கள் என்னைவிட நன்கு அறிந்திருக்கிறார்கள்.

இதெல்லாம் பழங்கதை என்பார்க்கு, நம் காலத்துப் படைவீரர்களே விடை. 1962 நவம்பரில் அருணாசல எல்லையில் சீனப் படையை எதிர்த்து மாண்ட கார்வால் படைவீரர் ஜஸ்வந்த் சிங் ராவத்துக்கு அவ்விடத்தில் கோயிலே இருக்கிறது. அவருக்குப் படுக்கை விரித்து, சீருடை தேய்த்து, தேநீர் வைக்கிறார்கள். சிக்கிம் நாதுலா அருகே 1968-இல் உயிரிழந்த ஹர்பஜன் சிங் இன்று பாபா. நெடுங்காலம் ஆண்டுதோறும் அவருக்கு விடுமுறை அளித்து, அவருடைய பெட்டியை இரயிலில் சொந்த ஊருக்கு அனுப்பிவந்தனர். பகைவர் வருகையை அவர் முன்னறிவிப்பார் என்பது வீரர் நம்பிக்கை. அதனினும் எனக்குப் பிடித்தது மற்றொரு நம்பிக்கை: காவலில் உறங்குபவனை அவர் கன்னத்தில் அறைவாராம். பகைவனை அறைவதாகக் கதையில்லை. தம் தோழனையே அறைகிறார்.

எங்கள் சங்கத்து மூத்த அன்பர் ஒருவரிடம் இவற்றைச் சொன்னபோது அவர் முகம் சுளித்தார். "தெய்வத்தைப் பகடையில் உருட்டுவதா? நாளை இதே பெண் எயினனூரையும் எண் போட்டு எடைபார்ப்பாள்" என்றார். அவர் சொன்னதில் பாதி எனக்கு உடன்பாடு. அப்பய்யா நேர்ந்துகொண்டபோது அவர் ஊரார் உயிர் பணயமாக நின்றது. பேத்திக்கு அப்படி எதுவும் நிற்கவில்லை. நேர்த்திக்கடன் இல்லாத இடத்தில் தெய்வமும் இல்லை. ஆனால் பேத்தியே ஒன்று செய்தாள். ஏனாதிநாதர் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. "அவர் உண்மையானவர், தாத்தா. அவருக்கு எண் போட வேண்டாம். நான் கற்பனையாகவே ஒருவரை அமைத்துக்கொள்கிறேன்" என்றாள். அன்பர் அதனை ஏற்றுக்கொண்டாரா என்பது தெரியாது. மேற்கொண்டு பேசாமல் காபியைக் குடித்து முடித்தார்.

அவள் படைத்தது ஒரு பெண். படையோடு சென்ற டோலி சுமப்பவள், வாளெடுத்தறியாதவள். போர் ஓய்ந்த இரவில் இருபக்கத்துக் காயம்பட்டோரையும் சுமந்து, விடியலில் சுமை இறக்கிய இடத்திலேயே மாண்டவள். சின்னம், தோளில் வைக்கும் தண்டு. திருநாள், ஆஷாடத்து ஞாயிறு. இது தெலுங்குப் பெண்ணின் வற்புறுத்தல். பெயர் வைக்கும் பொறுப்பை எனக்கே விட்டனர். 'தோள்கொடுத்த அம்மை' என்றேன். மலையாளிப் பையனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை, மற்றவர்களுக்கு விளக்கினோம். தாளின் மறுபக்கத்தில் விலக்கு ஒன்றே எழுதினாள்: வீழ்ந்தவரைச் சுமக்காமல் வெற்றி கொண்டாடலாகாது. அருளும் ஆற்றலோ, எவ்வளவு கனமான உடலையும் தூக்க முடியும் என்பது மட்டும்.

இவ்விலக்கு விரைவிலேயே அவளைச் சோதித்தது. மலைக் கணவாய் ஒன்றில் நடந்த போரில், பொற்பேழையைக் கவர்ந்தோடும் பகைவர் தலைவனைத் துரத்த வேண்டிய வேளை. அவன் ஆட்களுள் ஒருவன் கால் முறிந்து பாதையில் கிடந்தான். அவள் வாளை உறையிலிட்டு அவனைத் தூக்கினாள். பேழை போயிற்று. நான்கு வாரம் தேடிய பேழை! தோழர்கள் உண்மையாகவே சினந்தார்கள். மலையாளிப் பையன் அன்று பாதியில் எழுந்து போனான் என்று கேள்வி. மறுவாரம் அவன் வந்தான். தன் பாத்திரம் ஒரு திருடன். அந்தக் கால் முறிந்தவனைத் தானும் ஒரு பக்கம் பிடித்துக்கொள்வதாகச் சொன்னானாம். சொன்னதோடு நில்லாமல், அவனைச் சுமந்து சென்ற ஊரில் அவன் பையைத் துழாவியும் பார்த்தானாம். திருடன் திருடனே.

இப்போது அவர்கள் கதையுலகின் வரைபடத்தில் அக்கணவாயின் வாயிலில் ஒரு கல் நிற்கிறது. ஆறு துறைகளையும் விடாமல் நடத்தவேண்டும் என்று பேத்தி பிடிவாதமாக இருந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. நீர்ப்படைக்கு எந்த ஆற்று நீர் என்பதில் பெரிய வழக்கு நடந்து முடிந்தது. கல்லில் என்ன எழுதுவது என்பதை என்னிடம் கேட்டாள். நான் எழுதித் தரவில்லை. எழுத்துக்கூட்டி அவளையே தமிழில் எழுதச் சொன்னேன். மூன்று வரி எழுதினாள். இரண்டு இடங்களில் றகரம் வரவேண்டிய இடத்தில் ரகரம் இருந்தது. பழங்கற்களிலும் எழுத்துப்பிழை உண்டு என்று விட்டுவிட்டேன். கல்லின் அடியில் ஒரு நாயும் இருக்கவேண்டும் என்று கதை நடத்தும் பையன் கேட்டுக்கொண்டானாம். நாய்க்கு இன்னும் பெயர் அமையவில்லை.